கட்டைவிரலுக்கு மார்க் கிடையாது

ஸ்காட்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை காட்டத் தெரியாது. ஆனால் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டை ஆண்ட டேவிட் ராஜா என்னென்ன செய்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே வளைகுடாவில், அஜ்மானிலிருந்து அல் குசைஸ் போகிற ரோட்டில், காலை ஆறு மணி நெரிசலில், பிரேக்கை மிதித்து மிதித்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. எனக்கென்று யாரும் சொல்லித் தரவில்லை. பானுமதி டீச்சர் தன் வகுப்புக்காகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார், நான் காதில் வாங்கிக்கொள்வேன்.

நான் கார்மேகம். கமுதிப் பக்கம். டீச்சர்களை வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிற டியூட்டி. பானுமதி டீச்சர் அருப்புக்கோட்டைக்காரர். ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வருஷமாக ஒரே பள்ளிக்கூடம், ஒரே சரித்திரப் பாடம். அஜ்மானில் முதலில் ஏறுவதும் அவர்தான், கடைசியில் இறங்குவதும் அவர்தான். பின்னால் உட்கார்ந்தால் குமட்டும் என்று எப்போதும் முன் சீட்.

அவர் வீட்டுக்காரர் பாலமுரளி சார் பக்கத்து நாட்டில், அல் கோபாரில், ஆறு பேர் தங்கும் ரூமில் இருக்கிறார். அவருக்குக் குடும்ப விசா கிடையாது. அதனால் மகள் ஹர்ஷினிக்கு டீச்சரின் விசாதான் ஆதாரம். டீச்சருக்கு வேலை இருக்கும் வரைக்கும் பிள்ளைக்கு இங்கே படிப்பு. வேலை போனால் இரண்டு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஏழாம் வகுப்புக்கு டேவிட் ராஜா வருவான். ‘ராஜா தன் நாட்டை எப்படிப் பலப்படுத்தினான்?’ என்பது பரீட்சைக் கேள்வி. டீச்சர் இடது உள்ளங்கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்குவார். முதல் விரல் பட்டணம். ராஜா அங்கங்கே பட்டணம் ஏற்படுத்தி, சந்தை கூட்ட உரிமை எழுதிக் கொடுத்தான். இரண்டாவது விரல் காசு. அந்த நாட்டு ராஜாக்களில் தன் பெயரில் வெள்ளிக்காசு அடித்த முதல் ஆள் அவன்தான். மூன்றாவது கோட்டை. வெளிநாட்டு வீரர்களைக் கூப்பிட்டு நிலம் கொடுத்து, ‘நான் அழைத்தால் நீ குதிரையோடு வர வேண்டும்’ என்று எழுதி வாங்கிக்கொண்டான். நாலாவது மடம். எழுதப் படிக்கத் தெரிந்த துறவிகளைக் கொண்டுவந்து இடம் கொடுத்தான்.

மிச்சம் இருப்பது கட்டைவிரல். அதற்கு டீச்சர் வாசல் என்று பேர் வைத்திருந்தார். ராஜா சில நாள் அரண்மனை வாசலில் உட்கார்ந்து ஏழை எளியவர்களின் வழக்கைக் கேட்பானாம். ஒரு தடவை வேட்டைக்குக் கிளம்பி, குதிரை ஏறப் போகிறான். ஒரு கால் அங்கவடியில். அந்நேரம் ஒரு ஏழை வந்து, ‘ராஜா, என் குறையைக் கேளுங்கள்’ என்றான். ராஜா காலை எடுத்துக் கீழே வைத்து, குதிரையை விட்டுவிட்டு, அவனோடு உள்ளே போய்விட்டான். அதைக் கண்ணால் பார்த்த ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறாராம்.

“இதுக்கு எத்தனை மார்க்கு டீச்சர்?” என்று கேட்டேன்.

“கட்டைவிரலுக்கு மார்க் கிடையாது கார்மேகம். விடைத்தாள்ல நாலு விரலுக்குத்தான் மார்க். ஆனா பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும்.”

எனக்கும் அதுதான் பிடித்தது. இன்னொன்றும் பிடித்தது. அந்தப் பட்டணத்துச் சட்டத்தில், ஓடி வந்த பண்ணையாள் ஒரு மனையை எடுத்து, எஜமான் தேடி வராமல் ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் அவன் சுதந்திர மனுஷனாம். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விசா முத்திரைக்கு வரிசையில் நிற்கிறவன் நான். விட்டுவிடுவேனா?

“டீச்சர், நம்ம கணக்கு எப்பவோ தாண்டிருச்சே.”

“மனை எடுத்தீங்களா நீங்க? வாடகை ரூம்ல ஒரு கட்டில்தானே எடுத்தீங்க” என்றார். அவர் கிண்டல் பேசுவதெல்லாம் அப்படித்தான், முகம் மாறாது. அது அலுப்பா கிண்டலா என்று சில நேரம் எனக்கே தெரியாது.

போன வருஷம் பள்ளிக்குப் புது பிரின்சிபால் வந்தார். கூடவே வெளியிலிருந்து இளவட்டமாக எட்டுப் பத்து டீச்சர்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருவருடைய வகுப்பிலும் நிர்வாகத்து ஆள் ஒருவர் ஒரு பீரியட் உட்கார்ந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவார், அதை வைத்துத்தான் அடுத்த காண்ட்ராக்ட் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு ஒரு பீரியடில் தீர்ப்பு. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் ஹாரனை அமுக்கி, முன்னால் போன பாகிஸ்தானி டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“ராஜா வெளியாளைக் கொண்டாந்தானே, அப்ப உள்ளூர்க்காரன் என்னங்க ஆனான்?” என்று கேட்டேன்.

“சில பேர் அனுசரிச்சுப் போனாங்க. வடக்க சில பேர் எதுத்து நின்னாங்க. அவங்க நிலம் போச்சு.”

“நீங்க அனுசரிச்சுப் போயிருங்க டீச்சர்.”

“அனுசரிச்சு அனுசரிச்சுத்தான் கார்மேகம் இடுப்பு இப்படி வலிக்குது” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “எனக்கு இன்னும் ரெண்டே வருஷம் போதும். ஹர்ஷினி இப்ப பதினொண்ணாவது படிக்கிறா. பன்னிரண்டு முடிச்சிட்டான்னா இவங்க என்னைப் போன்னு சொல்ற முன்னாடி நானே போயிருவேன். நடுவுல பிடுங்கிட்டுப் போனா அவ ஊர்ல வேற பாடத்திட்டத்துல முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றார்.

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அந்த யோசனையைச் சொன்னேன். கமுதியில் நான் படித்தபோது அதிகாரி பரிசோதனைக்கு வந்தால் எங்கள் வாத்தியார் ஒரு வித்தை செய்வார். கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை. தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரி, ‘ஆஹா, அத்தனை பேரும் கை தூக்குகிறார்களே’ என்று மெச்சிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

டீச்சர் என்னை முறைத்தார். “பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நான் பிள்ளைகளை நடிக்க வச்சதில்ல.”

ஆனால் அடுத்த பத்து நாளில் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. காய்ச்சல் வந்தது. லீவு போட்டால் அதையும் எழுதிவைப்பார்கள் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார். விடிய விடிய ஸ்லைடு தயார் செய்துவிட்டு, வண்டியில் தலை ஒரு பக்கம் சாயத் தூங்குவார். ஒரு நாள் அவராகவே, கண்ணைத் திறக்காமல், “அந்தக் கை விஷயம் சொன்னீங்களே, அதை எப்படிப் பழக்கணும்?” என்று கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கிச் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

அந்த நாளும் வந்தது. சாயங்காலம் வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் இறங்கி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆன பிறகு நானாகக் கேட்டேன்.

“இருபத்தாறு பிள்ளைகளும் கை தூக்கினாங்க” என்றார். “நான் வலது கையாப் பார்த்து எழுப்பினேன். பட்டணம், காசு, கோட்டை, மடம். மணி மணியாச் சொன்னாங்க. பின்பெஞ்சில உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டி எழுதிக்கிட்டே இருந்தார். கடைசியில, நானும் ஒரு பிள்ளையைக் கேக்கலாமான்னு கேட்டு, சப்ரீனாவைக் காட்டினார்.”

“சப்ரீனா எந்தக் கை?”

“இடது. அவளுக்குப் பொய் வராது கார்மேகம். ‘சார், இது இடது கை. இடது கைன்னா எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம். மிஸ் சொல்லியிருக்காங்க’ன்னுட்டா.”

டீச்சர் சொல்லிக்கொண்டே போனார், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல.

“எனக்கு அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. அப்புறம் என்னமோ ஒரு அசதி. சரி, போனது போச்சுன்னு ஸ்லைடை அணைச்சிட்டேன். அவ பக்கத்துல போய் பெஞ்சில உட்கார்ந்து, ‘உனக்கு என்னம்மா தெரியல?’ன்னு கேட்டேன். ‘ராஜா குதிரையை விட்டு வந்தாருல்ல மிஸ், அந்த ஏழை என்ன கேட்டான்? அவனுக்கு அது கிடைச்சுதா?’ன்னு கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

“பத்தொன்பது வருஷமா இந்தக் கதையைச் சொல்றேன். ஒரு தடவைகூட எனக்கு இது தோணல. துறவி அதை எழுதல. ராஜா கேட்டான்னு மட்டும்தான் எழுதியிருக்கார். நானும் இடது கையைத் தூக்கினேன் கார்மேகம்.” சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். “பிள்ளைக எல்லாம் சிரிச்சிட்டாங்க. அப்புறம் இடது கை தூக்கினவங்க ஒவ்வொருத்தரா அவங்களுக்குத் தெரியாததைக் கேட்டாங்க. பெல் அடிச்சதே தெரியல. நான் நல்லா நடத்தின வகுப்பு அதுதான்னு நினைக்கிறேன்.”

அந்த ஆள் போகும்போது கை கொடுத்தாராம். அதனால் எனக்கு நம்பிக்கை வந்தது. டீச்சருக்கும் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். பிப்ரவரி முழுக்க முகம் தெளிவாக இருந்தது.

மார்ச்சில் கடிதம் கொடுத்தார்கள். டீச்சருக்கு வந்தது, காண்ட்ராக்ட் நீட்டிப்பு இல்லை என்கிற கடிதம். ரிப்போர்ட்டில் வகுப்பின் பிற்பகுதி மிகச் சிறப்பு என்று எழுதியிருந்ததாம். அதற்கு மேலே, மாணவர்களுக்கு முன்கூட்டியே சைகை பழக்கப்படுத்தப்பட்டிருந்தது என்றும் எழுதியிருந்ததாம்.

பிரின்சிபாலைப் பார்க்க மூன்று நாள் முயன்றார். மீட்டிங், மீட்டிங் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது நாள் பள்ளி விட்ட பிறகு, வேனில் மற்ற டீச்சர்கள் ஏறி, “யல்லா கார்மேகம் பாய், எடுங்க” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பானுமதி டீச்சரைக் காணோம். நான் இறங்கிப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் பிரின்சிபால் கார். அவர் ஏறப் போகிறார், கதவைத் திறந்துவிட்டார். ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டார். அந்நேரம் டீச்சர் வேகமாக நடந்து போய், ஏதோ சொன்னார்.

நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா, எடுத்து வெளியே வையுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்த அன்றைக்குக்கூட நான் அப்படிச் சாமி கும்பிட்டதில்லை.

எடுத்து வைத்தார். கால் தரைக்கு வந்தது. கார்க் கதவைச் சாத்திவிட்டு, மூன்று மணி வெயிலில், கைகளைக் கட்டிக்கொண்டு டீச்சர் பேசியதைத் தலை குனிந்து கேட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உள்ளே இருந்தவர்களிடம், “ஒரு பத்து நிமிஷம் பொறுங்க, ஒண்ணும் கொள்ளை போயிராது” என்று சத்தம் போட்டேன்.

டீச்சர் வந்து ஏறினார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஷார்ஜாவில் மூன்று பேர், அஜ்மானில் மிச்சப் பேர் இறங்கும் வரைக்கும் நான் அடக்கிக்கொண்டேன்.

“என்னங்க டீச்சர் சொன்னாரு?”

“நல்ல மனுஷன் கார்மேகம். முழுசாக் கேட்டார். ஹர்ஷினி படிப்பு, ரெண்டு வருஷம், எல்லாம் சொன்னேன். நடுவுல பேசவே இல்ல. கடைசியில, எனக்குப் புரியுது, ஆனா ரிப்போர்ட்ல எழுதினதை நான் மாத்த முடியாதுன்னார். ஜூன் வரைக்கும் இருங்கன்னார்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தப்பு என்னோடதுங்க டீச்சர். என் வாய்க் கொழுப்புதான் உங்க பிள்ளை படிப்பைக் கெடுத்துருச்சு.”

“நீங்க சொன்னீங்க. செஞ்சது நான்தானே” என்றார். கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தார். மூடியைத் திருகிக்கொண்டே, “எடுங்க, ஹர்ஷினி காத்துக்கிட்டு இருப்பா. அவகிட்ட இன்னைக்குச் சொல்லியாகணும்” என்றார்.

வண்டியை எடுத்தேன். அவர் வீடு இருக்கிற தெருவில் திரும்பும்போது அவராகவே பேசினார்.

“நாளைக்கு முதல் பீரியட் ஏழாம் வகுப்பு. சப்ரீனாகிட்டயும் சொல்லிரணும், அந்த ஏழைக்கு என்ன கிடைச்சிருக்கும்னு.”