மைக் செட் உபயம்

தைப்பூச நோட்டீசைக் கேட்டின் இடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ரோஸ் காகிதம். பணி ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன தபால் வரப்போகிறது? கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கோப்பு பார்ப்பதுபோல முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் மாலை நிகழ்ச்சியில் நின்றுவிட்டேன். ‘இசைக்குயில் மரகதம் அம்மாள் நினைவு இன்னிசை.’

மரகதம் போன ஐப்பசியில் இறந்துபோனார். அவர் பெயரை நான் அச்சில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மஞ்சள் வாசனை மற்றவர்களுக்குக் கல்யாணத்தை நினைவூட்டும். என்னை அது அனுப்பர்பாளையத்து அச்சாபீசில் கொண்டுபோய் நிறுத்தும். அரசு வேலையில் சேர்ந்த புதிது. ‘மேற்படி’, ‘பார்வையில் காண்க’ எல்லாம் பிழையில்லாமல் எழுதுவேன் என்று கோயில் கமிட்டி நோட்டீஸ் எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருந்தது. பந்தல் உபயம், மோர் உபயம், வாணவேடிக்கை உபயம், மைக் செட் உபயம் என்று பெயர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அந்த மைக்கில் பாடியவருக்கு மட்டும் பெயர் கிடையாது. ‘குழுவினரின் பக்தி இன்னிசை.’ அவ்வளவுதான்.

மரகதத்துக்குப் பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங். ட்யூப் லைட்டுக்கு நேரே துணியைப் பிடித்து ஓட்டை பார்க்கும் வேலை. மாலையில் அவர் மேடையேறிவிட்டால் எங்கள் வீதியில் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓசை அடங்கும். முதலாளி நிறுத்தச் சொன்னதல்ல, தைக்கிறவர்களின் கால் தானாக நின்றுவிடும். இனிய குரல் என்று பொய் சொல்ல மாட்டேன். பஞ்சுத் தூசி போகாத கரகரப்பு. முருகனைக் கூப்பிட்டால், சொன்ன நேரத்துக்கு வராதவனைக் கண்டிப்பதுபோல இருக்கும். வராமலிருக்க அவனுக்கும் தைரியம் இருந்திருக்காது.

ஒரு வருடம் அச்சுக்குக் கொடுக்க எழுதிய தாளில் துணிந்து அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன். பனியன் கம்பெனி முதலாளியான கமிட்டித் தலைவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

“அந்தம்மா பாடறது ஊருக்கே தெரியுமுங்க. தெரிஞ்சதை எதுக்குங்க அச்சடிச்சுக்கிட்டு?”

“ஒரு வரி காலியாகுதுங்களே.”

“அங்க உங்க பேரப் போட்டுக்குங்க. மெனக்கெட்டு எழுதறீங்க இல்லீங்களா!”

போட்டுக்கொண்டேன். ‘நோட்டீஸ் அமைப்பு’ என்று என் பெயர், பி.ஏ. பட்டத்தோடு. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும். வேண்டாமென்று கொஞ்சம் நெளிந்து நடித்ததும் நினைவிருக்கிறது.

பல வருடம் கழித்து, மூத்த கலைஞர்களுக்கான விருது விண்ணப்பங்கள் என் பிரிவுக்கு வந்தன. மரகதம் வந்தார். பனியன் அடைக்கிற பாலித்தீன் கவருக்குள் அத்தனை வருடத்து நோட்டீசும் மடிப்புக் கலையாமல் இருந்தது. கவரைப் பிரித்ததும் ஆபீசே மஞ்சள் மணத்தது. விதிப்படி, விண்ணப்பதாரர் பெயர் அச்சிட்ட ஆதாரம் மூன்று வேண்டும்.

“இதுல உங்க பேர் எங்கேயும் இல்லையேம்மா” என்றேன், எழுதியவன் யாரோபோல.

ஒரு நோட்டீசை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், துணியைப் பிடிப்பதுபோலவே.

“ஆமாங்க சார். எம் பேரு இருக்க வேண்டிய எடத்துல ஓட்டைதானுங்க. கடைசீல உங்க பேரு இருக்குதுங்களே, நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா ஆகாதுங்களா?”

“மனுவைப் பரிசீலிக்கிறவனே சாட்சி சொல்லக் கூடாதும்மா.”

விதி அப்படித்தான். ஆனால் மனுவை இன்னொரு அதிகாரிக்கு மாற்றிவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடலாம், அதற்கும் வழிமுறை உண்டு. போட்டால், நான் எழுதிய நோட்டீசில் அவர் பெயர் ஏன் இல்லை என்பதற்கும் விளக்கம் எழுத வேண்டிவரும்.

“அப்ப ஒரு பாட்டு பாடிக் காட்டட்டுங்களா? அது ஆதாரத்துல சேராதுங்களா?”

பக்கத்து மேசை சிரித்தது. “இது ஆபீசும்மா” என்றேன். ‘உரிய ஆதாரத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

“செரிங்க” என்று கவரை இடுக்கிக்கொண்டு போனார். அடுத்த பூசத்துக்கு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாடிய அத்தனை பாட்டிலும் என் பக்கம் அவர் பார்வை வரவேயில்லை.

நோட்டீசை மடியில் வைத்துக்கொண்டு, இப்போதைய தலைவருக்குப் போன் செய்தேன். பழைய தலைவரின் மகன்.

“மரகதம் நினைவு இன்னிசைல யாரு தம்பி பாடறாங்க?”

“ஆளெல்லாம் இல்லீங்க சார். பென் டிரைவுல போட்டுர்றோம்.”

“அந்தம்மா பாடினதா?”

“அத ஆருங்க ரெக்கார்டு பண்ணி வெச்சாங்க? சினிமாப் பாடகிங்க பாட்டுதானுங்க. அப்பறம் சார், கடைசீல உங்க பேரு போட்டிருக்கறனுங்க, பாத்தீங்களா? அப்பா காலத்து வழக்கம், உட வேண்டாம்னுதானுங்க.”

பார்த்தேன். பட்டத்தோடு இருந்தது.

மரகதத்தின் பெயர் அச்சில் வந்துவிட்டது. இனி எந்த அதிகாரியும் திருப்பி அனுப்ப முடியாத ஆதாரம். குரல்தான் எங்கேயும் இல்லை. அன்று பக்கத்து மேசைக்காரரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, “பாடும்மா” என்று சொல்லியிருக்கலாம். அலுவலக நேரத்தில் மனுதாரர் பாடக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. விதிப் புத்தகம் முழுவதையும் படித்தவன் நான்.