மண்டபத்தில் உராய்வு குறைந்த நாள்

கம்பைநல்லூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஓய்ந்த நேரத்தில் ரப்பரில் ஓடும் சின்ன விமானம் செய்வேன். பால்சா மரக்குச்சி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறக்கை, முறுக்கி விட ஒரு ரப்பர், முன்னால் விசிறி, அவ்வளவுதான். வெளிக்காற்று அதற்கு ஆகாது. கட்டடத்துக்குள்தான் பறக்கும்.

போன வருஷம் முழுக்க விசிறித் தண்டு படுத்திக்கொண்டிருந்தது. முறுக்கிய ரப்பர் விசிறியைப் பின்னுக்கு இழுக்கும். தண்டு நுழைகிற அலுமினியத் துண்டின்மேல் விசிறி அழுந்தித் தேயும். ரப்பரில் முறுக்கு மிச்சமிருக்கும்போதே விமானம் தரைக்கு வந்துவிடும். எண்ணெய் விட்டேன். தூசி சேர்ந்து இன்னும் இறுகியது. என் மனைவி ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். அவளுடைய மணி ஒன்றை எடுத்து விசிறிக்கும் அலுமினியத்துக்கும் இடையில் கோத்தேன். மணியின் துளை பெரிது, தண்டு ஆடியது. மணி குறைந்ததை அவள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

கடைசியில், கடையில் இருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அலுமினியத் துளையின் விளிம்பெல்லாம் பிசிறு. அதை வழித்து, தண்டைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். கண்ணாடிக் காதின் திருகாணிக்குப் போடுகிற பிளாஸ்டிக் வாஷர் இரண்டை எடுத்து, ஓரத்தை இன்னும் நறுக்கி நடுவில் மாட்டினேன். வாஷர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு குறைவாக உரசும்.

முகூர்த்தமில்லாத ஒரு நாள், பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். மேனேஜர் என் கடையில் கண்ணாடி வாங்குகிறவர். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினோம். மனைவி விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நான் ரப்பரை முறுக்கி விட்டேன். அது மெதுவாக வட்டமடித்து மேலே ஏறியது.

அப்போது மண்டபம் பார்க்க இரண்டு வீட்டார் வந்தார்கள். மாடி ரூம் பெண் வீட்டாருக்கா, மாப்பிள்ளை வீட்டாருக்கா என்று வாசலிலிருந்தே சண்டை. வேர்க்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பா ஃபேன் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“போடாதீங்க. அது இறங்கட்டும்ங்க,” என்றாள் என் மனைவி.

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

“எப்ப இறங்கும்?” என்று கேட்டார்.

“தெரியலைங்க,” என்றேன். எப்போது இறங்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை.

விமானம் சரவிளக்கை உரசி, கொஞ்சம் தயங்கி, மறுபடி சுற்றியது. பெண்ணின் அம்மா நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா துண்டால் விசிறப் போனவர், என் மனைவியைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார். பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து, இது எதுக்குங்க என்று ரகசியமாகக் கேட்டார். எதுக்கும் இல்லைங்க என்றேன். நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்.

அது மேடைக்கு முன்னால் வந்து இறங்கியது. ரப்பர் தளர்ந்து தொங்கியது. ஒரு முறுக்குகூட மிச்சமில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஃபேனைப் போட்டார். விமானம் நாற்காலிகளுக்குள் உருண்டுபோய் ஓர் இறக்கை ஒடிந்தது. அவர்கள் மாடி ரூம் பேச்சை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள், ஆனால் உட்கார்ந்துகொண்டு.

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்: “அது இறங்கறப்ப உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். நம்ம கல்யாணத்துலகூட நீங்க இப்படிச் சிரிக்கல.”