ஆம்புலன்ஸ் வந்து நின்ற இடம்

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில், சிட்டா எடுக்க வந்த ஒருவருக்கு ஓ.டி.பி. வரக் காத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு போனில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்லித் தருவது நான்தான். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

என் கணவர் போர் மோட்டார் மெக்கானிக். சுற்று வட்டாரத்தில் யார் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனாலும் கூப்பிடுவார்கள். தினம் ஒரு ஊர், தினம் ஒரு காடு. எப்போதும் கையில் கிரீஸ் இருப்பதால் அவருக்குப் பட்டன் போன்தான் தோது. காலையில் கிளம்பும்போது எங்கே என்று நான் கேட்டதே இல்லை. வாசலில் இறங்குகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று சொல்லி வளர்த்த வீடு எங்கள் வீடு. மிஞ்சிப்போனால் "தூரமா?" என்பேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

அன்றைக்கு அவர் போன் வந்தது. குரலே சரியில்லை. "ஏட்டி, பைப்பு நழுவி தொடையில விழுந்துட்டு. எந்திரிக்க முடியல. ரத்தம் போவுது."

"எங்கன இருக்கிய?" என்று கேட்டேன். மேலநீலிதநல்லூருக்கு அங்கிட்டு, பருத்திக் காடு என்பது வரை கேட்டது. லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் போகவில்லை.

உடனே 108-க்கு அடித்தேன். பேசிய பெண் நிதானமாகத்தான் கேட்டார். அடிபட்டவர் உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் கேட்டார். இல்லை என்று சொன்னால் வண்டி அனுப்பத் தாமதமாகுமோ என்று பயந்து, ஆமாம் ஆமாம், சீக்கிரம் அனுப்புங்கள் என்றேன். போனுக்கு ஒரு லிங்க் வந்தது. அதைத் தொட்டால் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஊருக்கே தொட்டுக் கொடுக்கிறவள் இல்லையா, யோசிக்காமல் தொட்டேன்.

பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் சைரனோடு என் கடை வாசலில் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரை இறக்கிவிட்டார்கள். பேஷண்ட் யார் என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. சிட்டா எடுக்க வந்தவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

வண்டி ஓட்டி வந்தவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "எம்மா, நீங்க இருக்க எடம் எங்களுக்கு கரெக்டா வந்துட்டு. அவரு இருக்க எடம் உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டார்.

எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அன்றைக்கு அவரை யார் கூப்பிட்டார்கள், எந்த ஊர், யார் தோட்டம், ஒன்றுமே தெரியாது. நடுரோட்டில் நின்று அழுதேன்.

என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, மேலநீலிதநல்லூர் ரோட்டில் வண்டியை விட்டபடியே, திரும்பத் திரும்ப என் கணவருக்குப் போடச் சொன்னார் டிரைவர். நாலாவது தடவை கிடைத்தது. மோட்டார் பார்க்கக் கூப்பிட்ட தோட்டக்காரர் இவரைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாராம். ஓடையைத் தாண்டி மூன்று நான்கு திருப்பம், வழியை இவர் கவனிக்கவில்லை. தோட்டக்காரரோ பைப் வாங்க டவுனுக்குப் போய்விட்டார். இவர் கூப்பிட்டுப் பார்த்தால், அவர் போன் மோட்டார் ரூமில் சார்ஜில் கிடந்து அடிக்கிறது. பட்டன் போனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று டிரைவரிடம் கேட்டேன். எந்த டவருக்குப் பக்கம் என்று மட்டும்தான் தெரியும், இந்தக் காட்டில் ஒரு டவருக்குள் நாலு ஊர் அடங்கும் என்றார். பிறகு என் போனை வாங்கி, "அக்கம்பக்கத்துல யாராச்சும் டச் போன் வச்சிருக்காவளா? சத்தம் போட்டுக் கூப்பிடுங்க" என்று என் கணவரிடம் சொன்னார். ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று நம்பி அதுவரை அவர் யாரையும் கூப்பிடாமலே கிடந்திருக்கிறார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. பாட்டுக் கேட்பதற்காக டச் போன் வைத்திருந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாது. அவரே தன் போனிலிருந்து 108-க்குப் பேசினார். லிங்க் வந்தது. நீல எழுத்தைத் தொடு, அடுத்து மேலே இருப்பதைத் தொடு என்று அங்கிருந்து சொல்லச் சொல்லத் தொட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வண்டியில் இருந்த போனில் மேப்பில் புள்ளி வந்து விழுந்தது. நாங்கள் அந்தத் திருப்பத்தைத் தாண்டி வெகு தூரம் வந்திருந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் கணவர் தொடையில் இறுக்கிக் கட்டி, வெயில் படாமல் மறைத்து உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் போனை நீட்டி, "எக்கா, இது என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. என்னன்னு பாருங்க" என்றார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததை எல்லாம் விட, அவர் தெரியாமல் தொட்ட இரண்டு இடம்தான் அன்றைக்கு உதவியது.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது, என் கடை வாசலில் வீணாய்ப்போன நிமிஷங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார். அவ்வளவுதான் மிச்சம்.

ஐந்து மாதம் கழித்து முதல் தடவையாக வேலைக்குக் கிளம்பினார். பையில் புது டச் போன் இருந்தது. ஏதாவது ஆனால் எனக்கு அப்புறம் பேசலாம், முதலில் கிடக்கிற இடத்திலிருந்தே 108-க்குப் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் செருப்பை மாட்டிப் படியில் இறங்கவும், "எங்க போறிய?" என்று கேட்டேன். திகைத்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சகுனத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்தார். அப்புறம் ஊர், தோட்டக்காரர் பெயர், அவருடைய நம்பர் எல்லாம் சொன்னார். காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன்.

இன்று வரைக்கும் தினமும் கேட்கிறேன், அவரும் தினமும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறார். பதினான்கு வருஷம் கேட்காமல் இருந்து நான் காப்பாற்றியது சகுனத்தை மட்டும்தான், அவரை இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.