சூசையின் பலகையில் ஒரு சாண் பழுப்பு

மாண்புமிகு ஏ ஷிப்ட் பெருமக்களே, பிரஸ் ஷாப் இரைச்சலுக்குப் பாதிக் காதைக் காணிக்கை கொடுத்த தியாகிகளே! இனி நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று மணிமங்கலத்துப் பெருமாள் சாட்சியாக உறுதி கூறுகிறேன்.

போன வாரம் காலையில் கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது போன் வந்தது. ஊருக்குப் போயிருந்த நம் குவாலிட்டி செக்கர் சூசை நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் ஜன்னலோர சீட்டு காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டு வந்த இரண்டு பேரும் ஒரகடத்தில் நம் கம்பெனி கேட் வரை அதில் உட்காரவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சங்கு குளித்து வளர்ந்து, பிறகு பவளப்பாறைகளை ஆராய்கிறவர்களோடு முழுகி டேப் பிடித்து, கல்யாணமானதும் மாதச் சம்பளம் தேடி நம்மிடம் வந்து சேர்ந்தார். நாமெல்லாம் பொங்கலுக்கு லீவு கேட்போம். அவர் பவளத்துக்குக் கேட்பார். ஷிப்ட் சைரனுக்கு முழுகினால் கேன்டீன் மணிக்குத்தான் தலை தூக்குவார் என்று நான் இருங்காட்டுக்கோட்டை வரை பரப்பி வைத்திருந்தேன். அவரே வந்து கெடுப்பார்: "ரெண்டு நிமிசம், அண்ணாச்சி. அதுக்கு மேல இல்ல."

கடலடியில் டேப்பை இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே வருவதை மட்டும் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டுமாம். பக்கத்தில் திமிங்கலமே வந்து வணக்கம் வைத்தாலும் எழுதக் கூடாது. அந்தப் புத்தியோடுதான் இங்கே கார்க் கதவுத் தகடுகளையும் பார்த்தார். ஷிப்ட் முடிகிற நேரத்தில் செக்‌ஷீட்டில் மேலிருந்து கீழே சடசடவென்று டிக் போட்டு இறக்குவோமே நாம்! அவர் மட்டும் கீறலைக் கீறல் என்றே எழுதுவார். சூப்பர்வைசர் கெஞ்சினால், "டேப்புக்குக் கீழ என்ன கெடக்கோ அதான் சார் எழுத்து" என்பார்.

பவளம் கல் இல்லை, உயிர் என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். நம் பக்கத்து வாடகை ரூம் மாதிரியாம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். வாடகையாகச் சோறும் பழுப்பு நிறமும் கொடுக்கும். கடல் சூடேறினால் குடித்தனக்காரர்கள் காலி செய்துவிடுவார்கள். வீடு வெளுத்துப் பட்டினி கிடக்கும். பதினாறு வயதிலிருந்து அவர் பார்த்துவந்த உருண்டைப் பவளம் ஒன்று உண்டு. ஒரு கோடையில் அது வெளுத்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு லீவு முடிந்து வந்தவர் கேன்டீன் பிரியாணியைத் தொடவில்லை.

"இன்னாபா, செத்துப்பூச்சா?" என்றேன்.

"வெளுத்திருக்குன்னுதான் எழுதிருக்கேன். செத்துட்டுன்னு இன்னும் எழுதல."

அடுத்த வருஷம் முழுகுவதற்குள் காதுச் சவ்வு கிழிந்து, இனிமேல் கடலுக்குள் தலையை விடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பவளம் பிழைத்ததா என்று பார்த்துச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டும். இத்தனை பேர் இருக்க, ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற, மணிமங்கலம் ஏரியை ஏழு கடலாக எண்ணி நீந்திய என்னையா பிடிப்பது? ஆராய்ச்சிக்காரர்களிடம் அனுமதி வாங்கி, படகில் ஏற்றி, தானும் கூட வந்தார். ஆழம் ஓர் ஆள் மட்டம்தான். கண்ணாடி மாட்டிக் குப்புற மிதந்தால் போதும்.

மிதந்தேன். நம் கேன்டீன் அளவு களவா மீன் ஒன்று என்னிடம் வாலாஜாபாத்துக்கு வழி கேட்டது. ஆயிரம் நீல மீன்கள் ஒரே சைகைக்கு ஒரே பக்கம் திரும்பின. நம் அசெம்பிளி லைன் ஒருநாளும் அப்படித் திரும்பியதில்லை. கிளிமீன் பாறையைக் கடித்து, மணலாகக் கழித்துக்கொண்டே போனது. இத்தனை பெரிய பொய்யை நானே சொன்னதில்லையே என்று வாய் பிளந்ததில் அரைக் கடல் உள்ளே போய்விட்டது. அந்த மயக்கத்தில், பலகையில் அவர் வரைந்து கொடுத்த கட்டங்களை என் கை பழக்கதோஷத்தில் நிரப்பிவிட்டது. மேலிருந்து கீழே, எல்லாம் டிக்.

படகில் அவர் பலகையை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒவ்வொரு டிக்காகத் தேய்த்து அழித்தார்.

"இது ஒரகடம் செக்‌ஷீட்டு, அண்ணாச்சி. இன்னொருக்க போங்க. என்னைத் தேத்த வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்க."

மறுபடி இறங்கினேன். இந்த முறை எந்த மீனும் என்னிடம் வழி கேட்கவில்லை. உருண்டைப் பவளம் அழுக்குப் பாசி மூடிக் கிடந்தது; உள்ளே குடியிருக்கிற பாசி இல்லை, செத்ததன் மேல் படர்கிற பாசி. சுற்றிச் சுற்றி வந்தேன். நிழல் விழும் பக்கத்தில், அடியில், கொஞ்சம் பழுப்பு. தொடாமல் விரல்களை விரித்து மேலே பிடித்து அளந்தேன்.

அவர் பலகையை வாங்கவில்லை. நல்ல காதைத் திருப்பி, வாசிக்கச் சொன்னார்.

"ஒரு சாண் பழுப்பு. மிச்சம் அழுக்குப் பாசி."

அவர் தன் விரல்களை விரித்து ஒரு சாண் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு, "ஒரு ரூமுக்கு ஆள் வந்துட்டு" என்றார்.

அவர் போய்விட்டார். அவர் ஒட்டவிட்ட நோய் மட்டும் என்னிடம் நிற்கிறது. ஃபோர்க்லிப்ட் செக்‌ஷீட்டில் பிரேக் கட்டத்துக்கு நேரே டிக் போடுவதற்கு முன் இறங்கிப் போய்ப் பிரேக்கைப் பார்க்கிறேன். இதனால் தினமும் டீ ஆறிப்போகிறது.

வழி கேட்ட களவா மீன் பொய், பெருமக்களே. குடித்த அரைக் கடலும் பொய். அந்த ஒரு சாண் மட்டும் உண்மை. இந்தக் கையால் அளந்தது.