திருப்பதி மொட்டை இல்லை

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான், திருப்பதி. கீமோவில் முடி கொட்டிய பிறகு காய்கறி வாங்கப் போனால்கூட, "லட்டு எங்கக்கா?" என்று கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. கேன்சர் என்பேன். "கர்ப்பப்பையிலயா?" என்பார்கள். இல்லை, கருமுட்டை கர்ப்பப்பைக்கு வரும் குழாய் இருக்கிறதே, அதில். அங்கேயும் வருமா என்று வாயைப் பிளப்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன? மாதவிலக்கு நின்று போன பிறகும் தண்ணீராக வெள்ளைப்பட்டதை உடம்புச் சூடு என்று வெந்தயம் தின்றே ஓட்டியவள்தானே நான். ஆபரேஷனில் குழாய், முட்டைப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருந்தால் அழிக்கத்தான் கீமோ.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். என் மரபணுவில் ஒரு கோளாறு. கூடப் பிறந்தவளுக்கும் இருக்கலாம். ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். இருந்தால், கேன்சர் வருவதற்கு முன்பே குழாயையும் முட்டைப்பையையும் எடுத்துவிடலாம்.

பட்டாபிராமில் இருக்கும் என் தங்கை மசியவில்லை. "பொண்ணுக்கு வரன் பாத்துகினு இருக்கோம்க்கா. குடும்பத்துல கேன்சர்னு தெரிஞ்சா எவன் வருவான்? கல்யாணம் முடியட்டும்." அதுவரை கேன்சர் வாசலில் காத்துக்கொண்டு நிற்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, அக்கா திருப்பதி போய்விட்டு வந்திருக்கிறாள் என்று தங்கை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பையனின் அம்மா பஜ்ஜியைக் கடித்தபடி என்னைக் கேட்டார். "தரிசனம் நல்லா கெடச்சுதாங்க?"

தங்கை கண்ணாலேயே கெஞ்சினாள்.

"திருப்பதி இல்லீங்க. எனக்குக் கருக்குழாயில கேன்சர். கீமோ நடக்குது," என்றேன்.

அந்த அம்மா மீதி பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கிளம்பியவர்கள் சொல்லவே இல்லை.

தங்கை என்னோடு பேச்சை நிறுத்தினாள். நானும் இறங்கிப் போகவில்லை. என் கீமோ முடிகிற சமயத்தில் ஒருநாள் காலையில் போன் வந்தது. "மானந்தான் கப்பலேறிடுச்சே. இனிமே மறைக்க இன்னா கீது? எங்க வந்து ரத்தம் குடுக்கணும், சொல்லு."

அவளுக்கும் அதே கோளாறு இருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். எடுத்ததையெல்லாம் லேபில் பார்த்துவிட்டு, எங்கேயும் கேன்சர் இல்லை என்றார் டாக்டரம்மா. அதற்குள் என் ஸ்கேனும் சுத்தமாக வந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுதாள், நான் சத்தமாகச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

நல்ல வரனைக் கெடுத்துவிட்டேன் என்று இன்றைக்கும் என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும். திட்டுவதற்கு அவள் இருக்கிறாள்.