ரதம் பார்க்க வந்த சப்பைமூக்கன்

எங்கள் வீட்டுப் பக் நாய்க்கு மூக்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். மூச்சு விட்டாலே கொர்ரென்று சத்தம் வரும். ஆனால் திருட்டில் அதை மிஞ்ச ஆளில்லை. சாமிக்கு வைத்த வாழைப்பழத்தைத் தோலோடு விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி என்னைப் பார்க்கும்.

"மத்தியானத்துல வெளிய கொண்டு போகாதீங்க லா அக்கா. மூக்கு சப்பையா இருந்தா உடம்புச் சூடு இறங்காது," என்று, எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் நாய் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்தத் தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் நாற்பத்தெட்டு நாள் விரதம். விரதத்தில் நாயைத் தொடமாட்டார். அதற்கு விரதமாவது ஒன்றாவது! தினமும் அவர் காலடியில் போய் மல்லாந்து படுக்கும். "தள்ளிப் போடா, குளிச்சிட்டேன்," என்று தாண்டிப் போவார். எனக்கு எரிச்சலாக வரும்.

ரதம் எங்கள் தெருவுக்கு வரும் நேரம் வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் உடைப்பதற்குத் தேங்காய்களைக் குவித்து, வெறுங்காலோடு வருகிறவர்களின் காலில் ஊற்றத் தொட்டி நிறைய மஞ்சள் தண்ணீரோடு அவர் காத்திருந்தார். உள்ளே நாய் அழுதது. பத்து நிமிஷம்தானே என்று நான்தான் தூக்கி வந்தேன். அக்கம்பக்கத்தார் உடைத்த தேங்காய்த் தண்ணீர் தெருவில் ஓட, அது தாரோடு சேர்த்து நக்கியது. கொர்கொர் சத்தம் கூடியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியே சாய்ந்துவிட்டது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

ரோட்டை அடைத்திருந்தார்கள், காரை எடுக்க வழியில்லை. அவர் ஒரே தாவலில் வந்து அதை வாரியெடுத்து மஞ்சள் தண்ணீரில் இறக்கினார். தலையை மட்டும் கையில் தாங்கிக்கொண்டு, "மூச்சு விடுடா, செல்லம், விடுடா," என்று கெஞ்சினார்.

ரதம் வாசலுக்கே வந்துவிட்டது. அவர் நிமிரவில்லை. மெல்ல நாக்கு சிவந்தது. நாய் அவர் முகத்திலேயே தும்மியது. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"தேங்காய்?" என்றேன்.

"இத விட்டுட்டு வர முடியாது. நீயே ஒடை."

அத்தனையையும் நான்தான் உடைத்தேன்.

சாயங்காலம், மஞ்சள் பூத்த நாயை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டல. மன்னிப்புதான் கேட்டேன்."

"தொட்டியில வச்சிருந்தப்பவே நானும் கேட்டுட்டேன்," என்றார். "இவன்கிட்ட."