கங்காணி இல்லாத நெஞ்சு

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் என்பவன் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. அந்த இரண்டு பேருக்கும் போய்ச் சேர வேண்டிய திட்டை வாங்கிக்கொள்கிறவன். எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். மருந்து கொடுத்துத் திட்டு வாங்கிய எவருக்கும் என் நிலை புரியும்.

ஈரத்துணி வைத்தியம்

லோரி ஓட்டுகிற மணியத்துக்கும் கொழுந்து பறிக்கிற சரோஜாவுக்கும் பிறந்த பையன், நான்காம் நாளே கைகால் வெட்டி இழுத்தான். காய்ச்சல் வலிப்பு என்று நெற்றியில் ஈரத்துணி போட்டேன். தொட்டுப் பார்த்தால் காய்ச்சலே இல்லை. பயந்துபோய் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைச்சல் என்று அங்கே ஊசி வழியாக ஏற்றினார்கள். திரும்பி வந்த மணியம் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சுண்ணாம்புதான் கொறைச்சலாம் ஐயா. எங்க வீட்டு வெத்தலைப் பொட்டியிலேயே இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா லா?"

தைமஸ்

அதோடு விடவில்லை. வாயெல்லாம் வெண்புண், மாதத்துக்கு இரண்டு தரம் நெஞ்சுச் சளி. மறுபடியும் ஈப்போ. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டிய தைமஸ் என்கிற சுரப்பி கருவிலேயே சரியாக வளரவில்லை, வலிப்பும் அதே பிறவிக் கோளாறுதான் என்றார் டாக்டர். போலியோ சொட்டு தரக் கூடாது, கூட்டத்தில் விடக் கூடாது. சுரப்பி துளியாவது இருந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் தேறலாம். அதுவரை எந்தச் சளியும் கடைசிச் சளியாகலாம்.

இதை மணியத்துக்கு நான் விளக்கினேன். ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் புது ஆட்கள். எது நம்முடையது, எது கிருமி என்று அவர்களை விரட்டிப் பழக்குகிற கங்காணிதான் தைமஸ். உன் மகனுக்கு அந்தக் கங்காணி இல்லை.

"கங்காணி இல்லாட்டி நிம்மதிதானே ஐயா?"

இருபது மூக்கு

தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் பிள்ளை ஆயாக்கொட்டகைக்குப் போக வேண்டும். அதுதான் வழக்கம். ஆயா மாரியாயி இருபது பிள்ளைகளைத் தோளில் கிடந்த ஒரே துணியால் பராமரித்துவந்தாள். இந்தப் பையன் இங்கே வந்தால் பிழைக்க மாட்டான் என்றேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இருபது மூக்கையும் இந்தத் துணியிலதான் தொடைச்சேன். ஒண்ணாவது செத்துச்சா, சொல்லுங்க."

சரோஜாவின் சீக்குகள்

ஆக, சரோஜா வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு அவளுக்குச் சீக்கு இருக்க வேண்டும். பொய்ச் சீக்கைக் கண்டுபிடித்து ஆட்களை மலைக்கு விரட்டுவதுதான் என் உத்தியோகம். அந்தக் கையாலேயே சீக்குப் புத்தகத்தில் வாரம் ஒரு சீக்கு எழுதினேன்: இடுப்பு வலி, காது வலி, மூட்டு வலி. கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோன ஒரு வாரம், மேல்வரியில் இருந்த ஆளின் சீக்கையே பார்த்து எழுதிவிட்டேன். மறுநாள் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"டிரசர், சரோஜாவுக்கு விதைவீக்கமாம். துரை ஒங்களைக் கூப்பிடுறாரு."

துரை முன்னால்

உள்ளதைச் சொன்னேன். வேலை போவதைப் பற்றிக்கூட எனக்குப் பயமில்லை. சரோஜாவை மலைக்கு அனுப்பினால் பிள்ளை போய்விடுமே என்றுதான் பயம். மானேஜர் துரை நம் ஆள்தான், தமிழர். புத்தகத்தைப் புரட்டினார். டாக்டர் சொல்லும்வரை அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். நான் வாசலைத் தாண்டுமுன் மறுபடி கூப்பிட்டார்.

"இனிமே பிள்ளை பேர்லயே எழுதுங்க. பொய்தான்னா, யாருக்கு எது இருக்குன்னு தெரிஞ்சாவது எழுதுங்க."

ஒரு சளி

பையனுக்கு மூன்று வயதானபோது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறியிருப்பதாக ஈப்போவில் சொன்னார்கள். அடுத்த வாரமே மூக்கு ஒழுகியது. வண்டியைத் தயாராக நிறுத்திவைத்து, மணிக்கொரு தரம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன். ஐந்தாம் நாள் காலையில் சரோஜா அழுதுகொண்டே வந்தாள். நான் குழாயை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சளி அதுவாவே போயிருச்சு ஐயா. எல்லாப் புள்ளைக்கும் போற மாதிரியே போயிருச்சு."

இருபது வருஷ உத்தியோகத்தில், நான் ஒன்றுமே செய்யாமல் குணமான அந்த ஒரு சளியைத்தான் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.